படத்துக்கு கரு எங்கேர்ந்து வருதுன்னு தேடிப் பிடிக்கிறது எப்படி (நான் பண்ற மாதிரி)

போன வருஷம் ஒரு குரூப் எக்ஸிபிஷன்ல என்னோட நாலு வாட்டர்கலர் மாட்டியிருந்தாங்க. ஒரு காலேஜ் பொண்ணு நோட்டும் பேனாவுமா வந்து நின்னு "சார், இந்தப் படத்துக்கு உங்க இன்ஸ்பிரேஷன் என்ன?"ன்னு கேட்டுச்சு, நான் ஒரு செகண்ட் கூட யோசிக்காம "இயற்கைதாம்மா"ன்னு சொல்லிட்டேன். படத்துல இருந்தது ஒரு நீலத் தார்ப்பாய், ரெண்டு வெங்காய மூட்டை, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். இதுல இயற்கை எங்க இருக்கு? அந்தப் பொண்ணு அதையும் மரியாதையா எழுதிக்கிட்டுப் போயிருச்சு, எனக்குத்தான் அன்னிக்கு ராத்திரி ஒரு மாதிரியா இருந்துச்சு. இருபது வருஷமா வரையறேன், எதுக்கு வரையறேன்னு ஒருத்தர் கேட்டா வாய்க்கு வந்த பொய்யைத்தான் சொல்றேன்.

அதுக்கப்புறம் உக்காந்து யோசிச்சு, பழைய படத்தையெல்லாம் எடுத்துப் பார்த்து, எது எங்கேர்ந்து வந்துச்சுன்னு ஒரு மாதிரி தோண்டி எடுத்தேன். அப்படித் தோண்டினப்ப கிடைச்சதுதான் இது. பிரஷ் பிடிக்கத் தெரியும், வாஷ் (கலரைத் தண்ணியா கரைச்சுப் பேப்பர்ல பரப்பறது) போடத் தெரியும், ஆனா வெள்ளைப் பேப்பர் முன்னாடி உக்காந்தா என்ன வரையறதுன்னு தெரியல, கடைசியில போன்ல தேடி எவனோ எடுத்த போட்டோவைப் பார்த்து ஒரு கிளியை வரைஞ்சு முடிக்கிறோம்னு இருக்கிறவங்களுக்காக எழுதறேன். பிரஷ்ஷே பிடிக்கத் தெரியாதவங்க முதல்ல அதைக் கத்துக்கிட்டு வாங்க, தப்பா நினைச்சுக்காதீங்க.

முதல்ல பழைய படங்களைத் தரையில பரப்புங்க

புதுசா எதையும் தேடறதுக்கு முன்னாடி பண்ண வேண்டிய வேலை இது. கடைசி ரெண்டு மூணு வருஷத்துல வரைஞ்சது பத்துப் பதினஞ்சு எடுத்து தரையில பரப்புங்க, நல்லா வந்தது வராததுன்னு பிரிக்காதீங்க, பாதியில விட்டதையும் சேர்த்துப் போடுங்க. ஸ்டூல் மேல ஏறி நின்னு பாருங்க, வீட்ல இருக்கிறவங்க சிரிப்பாங்க, பரவாயில்ல. இப்ப படத்துல என்ன பொருள் இருக்குன்னு பார்க்காதீங்க. இது கோயில், இது மாடு, இது ஆத்தங்கரைங்கிற பேரையெல்லாம் மறந்துட்டு திரும்பத் திரும்ப வர்றது எதுன்னு மட்டும் பாருங்க. ஒரு கலரா இருக்கலாம், ஒரு மூலையா இருக்கலாம், எல்லாரும் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறதா இருக்கலாம், வானமே இல்லாத படமா இருக்கலாம்.

எனக்கு என்ன வந்துச்சுன்னா, நான் கும்பகோணம் பக்கம், எங்க ஊர்ப் பக்கத்துல ஓவியம் கத்துக்கிற எல்லாருமே தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயில் கல் சக்கரத்தை வரைஞ்சிருப்போம். ரெண்டாம் ராஜராஜன் காலத்துக் கோயில், முன் மண்டபத்தையே தேர் மாதிரி செஞ்சு சக்கரமும் குதிரையும் வச்சிருப்பாங்க, பார்த்தா யாருக்குன்னாலும் கை துறுதுறுங்கும். நான் அந்தச் சக்கரத்தை மட்டும் முப்பது தடவையாவது வரைஞ்சிருப்பேன், சிலது வித்தும் போச்சு. ஆனா தரையில பரப்பிப் பார்க்கும்போது அந்த முப்பதும் ஒரே செத்த படமா தெரிஞ்சுது. திறமை இருக்கு, ஆனா நான் அதுல இல்ல. அதே நேரம் ஓரமா கிடந்த சின்னச் சின்னப் படங்கள், டீக்கடை, மார்க்கெட், சைக்கிள் ரிப்பேர் கடை, இதுல எல்லாம் ஒரே விஷயம் இருந்துச்சு. வெளிச்சம் எங்கேயும் நேரா விழல. எதையோ ஊடுருவிக்கிட்டு கலர் மாறித்தான் விழுது. தார்ப்பாய், கலர் கண்ணாடி, காயப்போட்ட புடவை, இப்படி. நான் அதைத் தெரிஞ்சு பண்ணவே இல்ல.

அப்படியே ஸ்டூல் மேல நின்னுக்கிட்டு இருக்கும்போதுதான் ஞாபகம் வந்துச்சு, எங்க பழைய வீட்டுப் பின்கட்டுல ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு நடுவுல வெளிச்சத்துக்காக ஒரே ஒரு பச்சை ஃபைபர் ஷீட் போட்டிருப்பாங்க. மத்தியானத்துல அந்தப் பச்சை வெளிச்சம் கீழ உக்காந்து அரிசி புடைக்கிற அப்பாயி மேல விழும், அப்பாயி கட்டியிருக்கிறது வெள்ளைப் புடவை, அது அப்படியே பச்சையா ஆயிடும், முறத்துல இருக்கிற அரிசியும் பச்சையா ஆயிடும். அஞ்சு வயசுல நான் அதைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருப்பேனாம், அம்மா சொல்லுவாங்க. இத்தனை வருஷமா நான் வரைஞ்சுக்கிட்டு இருந்தது அந்த ஷீட்டைத்தான்.

எல்லாருக்கும் இப்படி சினிமா மாதிரி ஞாபகம் வரும்னு சொல்லல. வரலைன்னா விடுங்க, திரும்பத் திரும்ப வர்றது எதுன்னு தெரிஞ்சாலே போதும், அதை ஒரு வரியில எழுதி வச்சுக்குங்க. "கலர் மாறின வெளிச்சம்", என்னோட நோட்டுல இவ்வளவுதான் இருக்கு.

இதே மாதிரி ஒரு விஷயம் வான்கோ படத்துலயும் இருக்கு, அந்த நட்சத்திர ராத்திரி படம், எல்லார் வீட்டு மொபைல் கவர்லயும் இருக்கே அதான். 1889 ஜூன் மாசம், தெற்கு பிரான்ஸ்ல செயின்ட் ரெமிங்கிற ஊர் மனநல விடுதியில தங்கியிருக்கும்போது வரைஞ்சது. விடியறதுக்கு ரொம்ப முன்னாடி ஜன்னல் வழியா விடிவெள்ளி மட்டும் பெருசா தெரிஞ்சுதுன்னு தம்பி தியோவுக்கு லெட்டர்ல எழுதியிருக்கார். சரி, வானம் ஜன்னல்லேர்ந்து வந்துச்சு. ஆனா படத்துல கீழ இருக்கிற ஊர் அவரோட ரூம் ஜன்னல்லேர்ந்து தெரியாது, அதை அவரா சேர்த்தது, அதுல நடுவுல ஊசி மாதிரி நிக்கிற சர்ச் கோபுரம் அந்த ஊர்ப் பக்கத்து கோபுரம் மாதிரியே இல்ல, அவர் பொறந்த ஹாலந்துப் பக்கத்து கோபுரம் மாதிரி இருக்குன்னு சொல்லுவாங்க. ஜன்னல்ல இருந்த கம்பியைக் காணோம். இப்ப அந்தக் காலேஜ் பொண்ணு அவர்கிட்ட போய் இன்ஸ்பிரேஷன் என்னன்னு கேட்டிருந்தா பாவம் மனுஷன் என்ன சொல்லியிருப்பார்?

ஸ்கெட்ச்புக் தவிர இன்னொரு நோட்டு

பாக்கெட்ல வைக்கிற சைஸ்ல, மளிகைக் கணக்கு எழுதற நோட்டு மாதிரி, பத்து ரூபாய் இருபது ரூபாய்க்கு கிடைக்கிறது. நல்ல நோட்டு வாங்காதீங்க, விலை அதிகமான நோட்டுல அசிங்கமா எழுத மனசு வராது. இதுல வரையக் கூடாது, எழுதணும். ஒரு நாளைக்கு ஒண்ணு, கண்ணை உறுத்தினது எதுவோ அது. அழகா இருந்ததை எழுதாதீங்க, அது எப்பவும் சாயங்கால வானம், மழைத்துளி, குழந்தை சிரிப்புன்னுதான் போகும். உறுத்தினதை எழுதுங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் என்னன்னா, அழகா இருந்ததை "ஆஹா"ன்னு சொல்லிட்டு தாண்டிப் போயிடுவோம், உறுத்தினதை வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதும் நினைச்சுக்கிட்டு இருப்போம், ஏன்னு தெரியாது.

என் நோட்டுலேர்ந்து சும்மா நாலு: "பேங்க்ல டோக்கன் வாங்கி உக்காந்திருக்கிறவங்க எல்லாரும் ஒரே பக்கம் தலையைச் சாய்ச்சு போர்டைப் பார்க்கிறாங்க." "இஸ்திரி வண்டிக்கு அடியில நாய், வண்டி நிழல் எவ்வளவோ அவ்வளவுதான் நாயும்." "பஸ் கண்ணாடியில திருநீறு பூசின நெத்தி பட்டுப் பட்டு ஒரு வெள்ளை வட்டம்." "வெத்தலைக்கட்டு மேல போட்ட ஈரச் சாக்கு, சாக்குதான் வெத்தலையை விட பச்சையா இருக்கு." இதுல ரெண்டு படமா ஆச்சு, ரெண்டு ஆகல. பஸ் கண்ணாடி ஏழு தடவை ட்ரை பண்ணி விட்டுட்டேன்.

இதெல்லாம் சின்ன விஷயமாச்சே, இதுலேர்ந்து பெரிய ஓவியம் வருமான்னு கேப்பீங்க. சென்னைக்குப் பக்கத்துல சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966-ல ஆரம்பிச்ச கே.சி.எஸ். பணிக்கர், அவர் கடைசிக் காலத்துல வரைஞ்ச எழுத்தும் குறியீடும் வர்ற படங்கள்தான் அவர் பேரைச் சொல்லுது, படம் முழுக்க எழுத்து மாதிரி இருக்கும் ஆனா படிக்க முடியாது, நடுவுல ஜாதகக் கட்டம் மாதிரி, மீன் மாதிரி, கணக்கு மாதிரி என்னென்னவோ இருக்கும். அது ஒரு மாணவனோட கணக்கு நோட்டுப் பக்கத்தைப் பார்த்ததுலேர்ந்து கிளம்பினதுன்னு அவரே சொல்லியிருக்கார். கணக்கு நோட்டு! நம்ம எத்தனை பேர் வீட்ல கிடக்குது. ஆனா அவர் அதுக்கு முன்னாடி பல வருஷமா வெள்ளைக்காரன் மாதிரி வரையாம நம்மூர் மாதிரி எப்படி வரையறதுன்னு மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்தவர், அதனால நோட்டு கண்ல பட்டதும் பிடிச்சுக்கிட்டார். நோட்டு எல்லார் கண்லயும்தான் படுது.

ஒரே எடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்க

இதுதான் முக்கியம், இதைத்தான் யாரும் பண்ண மாட்டேங்கிறாங்க. ஞாயித்துக்கிழமை ஆனா ஸ்கெட்ச்சிங் குரூப்போட ஒரு வாரம் ஒரு கோயில், அடுத்த வாரம் ஒரு பீச், அதுக்கு அடுத்த வாரம் ஒரு ரயில்வே ஸ்டேஷன்னு போறாங்க, போறது நல்லதுதான், நாலு பேரைப் பார்க்கலாம் வடை சாப்பிடலாம், ஆனா கரு கிடைக்காது. முதல் தடவை போற எடத்துல நமக்குத் தெரியறது எல்லாருக்கும் தெரியறதுதான். அஞ்சாவது தடவை போகும்போது போர் அடிக்கும், அந்த போர்தான் வேணும். அதுக்கு மேலதான் கண்ணு வேற எதையாவது தேட ஆரம்பிக்கும்.

பிரான்ஸ் ஓவியர் மோனே வைக்கோல் போரை வரைஞ்சாரே, 1890-லயும் 91-லயும், வீட்டுக்குப் பக்கத்து வயல்ல இருந்த போர்தான், எங்கேயும் தூரம் போகல. இருபதுக்கு மேல வரைஞ்சார். பல கேன்வாஸை ஒண்ணா எடுத்துக்கிட்டுப் போய் வெளிச்சம் மாற மாற ஒண்ணை வச்சுட்டு இன்னொண்ணை எடுப்பாராம். 1891-ல பாரிஸ்ல அதுல 15 படத்தை ஒண்ணா மாட்டினார். வைக்கோல் போர்ல என்ன இருக்கு, நம்ம ஊர்லயும்தான் இருந்துச்சு, இப்ப மெஷின் வந்து உருட்டி உருட்டிக் கட்டிப் போட்டுட்டுப் போகுது. அவர் வரைஞ்சது போரை இல்ல, அதும்மேல விழற நேரத்தை.

நான் தேர்ந்தெடுத்த எடம் தாராசுரம் காய்கறி மார்க்கெட். கோயிலுக்கு எத்தனையோ தடவை போனவன் பக்கத்துல இருக்கிற மார்க்கெட்டுக்கு காய் வாங்க மட்டும்தான் போயிருக்கேன். மூணு மாசம் வாரத்துக்கு ரெண்டு நாள் போனேன். இதுல கத்துக்கிட்டதை மட்டும் சொல்றேன், உங்களுக்கு வேற எடம் வேற மாதிரி இருக்கும்.

நம்ம ஊர் வெயில்ல காலையில ஆறேகால்லேர்ந்து ஒரு எட்டு மணி வரைக்கும், அப்புறம் சாயங்காலம் நாலரைக்கு மேல, இந்த நேரத்துலதான் நிழலுக்கு நீளம் இருக்கும். பத்து மணிக்கு மேல எல்லாம் வெளுத்துப் போயிடும், நிழல் காலுக்கடியில போய் ஒளிஞ்சுக்கும். ஆனா தார்ப்பாய்க்கு கீழ நேர் எதிர், உச்சி வெயில்லதான் கலர் கொட்டும், அதனால நான் பதினோரு மணிக்குப் போவேன், வியாபாரம் ஓஞ்சிருக்கும், யாரும் இடிக்க மாட்டாங்க.

உள்ள நுழைஞ்ச முதல் அரை நிமிஷம் ரொம்ப முக்கியம். நீலத் தார்ப்பாய்க்குக் கீழ போனதும் எல்லாம் நீலமா தெரியும், அஞ்சு நிமிஷம் நின்னீங்கன்னா கண்ணு பழகிடும், வெள்ளை வெள்ளையாவே தெரிய ஆரம்பிச்சுடும். அதனால நுழைஞ்ச உடனே நோட்டுல எழுதிடணும், என்ன கலர் என்னவா மாறியிருக்குன்னு. கண்ணு பழகிடுச்சுன்னா வெளியில வந்து வெயிலைப் பார்த்துட்டு திரும்ப உள்ள போங்க. இன்னொரு வழி, வெள்ளை அட்டையில பட்டாணி சைஸ் ஓட்டை போட்டு கையை நீட்டிப் பிடிச்சு அதுவழியா ஒரு கலரை மட்டும் பாருங்க, தோல்னு நினைச்சது சாம்பல் பச்சையா இருக்கும், ஆடிப் போயிடுவீங்க.

அப்படி ஓட்டை வழியா பார்த்துக்கிட்டு நிக்கும்போதுதான் வெங்காயம் விக்கிற ஒரு அக்கா "என்ன தம்பி, வாரா வாரம் வர்ற, ஒரு கிலோ கூட வாங்க மாட்டேங்கிற"ன்னு பிடிச்சுக்கிட்டாங்க. விஷயத்தைச் சொன்னேன், கலர் பார்க்கிறேன்க்கா, இந்த நீலத்துல எல்லாம் மாறுதுல்லன்னு. அவங்க சிரிச்சுட்டு, "அதான் தக்காளிக்காரன் நீலம் கட்ட மாட்டான், பார்த்திருக்கியா? நீலத்துக்கு அடியில தக்காளி செத்துப்போகும். அவன் செவப்புதான் கட்டுவான், காயா இருந்தாலும் பழமா தெரியும். வெங்காயத்துக்கு எதுவானா என்ன"ன்னாங்க. நான் திரும்பிப் பார்த்தா நிஜமாவே தக்காளிக் கடை வரிசை முழுக்க சிவப்பும் ஆரஞ்சும். மூணு மாசமா வர்றேன், ஓவியன்னு பேரு, என் கண்ணுல படல. நீல வெளிச்சத்துல சிவப்பு பங்கு ரொம்பக் கம்மி, அதனால சிவப்புப் பொருள் திருப்பி அனுப்ப ஒண்ணும் இல்லாம கருத்துப் போயிடும், பாடத்துல படிச்சது எனக்கும் தெரியும், ஆனா அந்த அக்கா அதை வச்சு தினமும் பொழப்பு நடத்தறவங்க. என்னோட தார்ப்பாய் சீரிஸ் ஒன்பது படமும் அந்த ஒரு பேச்சுலேர்ந்து வந்ததுதான். கூச்சப்படாம பேசுங்கன்னு சொல்றேன், ஆனா ஒரு கிலோ வாங்கிட்டுப் பேசுங்க.

போன்ல போட்டோ எடுக்கலாமா

எடுங்க, யாரு வேணாம்னா, ஆனா அதை நம்பாதீங்க. போன் கேமரா வெள்ளையை வெள்ளையாக்கத் தானாவே சரி பண்ணிடும், நீங்க எதைப் பார்த்து அசந்து நின்னீங்களோ அந்த நீலத்தைத்தான் முதல்ல அது துடைச்சு எறியும். வீட்டுக்கு வந்து பார்த்தா சாதா மார்க்கெட் போட்டோ. என் பழக்கம் என்னன்னா, எடுத்த போட்டோவை மூணு நாள் தொறக்க மாட்டேன், முதல்ல ஞாபகத்துலேர்ந்து பென்சில்ல சின்னதா வரைவேன். ஞாபகத்துல எது வரலையோ அது படத்துக்குத் தேவையில்லாதது. ஸ்டூலுக்கு எத்தனை கால், மூட்டையில கட்டு எப்படிப் போடறாங்க, இந்த மாதிரி சந்தேகத்துக்கு மட்டும் அப்புறமா போட்டோவைத் தொறங்க.

ஆளுங்களைப் போட்டோ எடுத்தா கேட்டுட்டு எடுங்க. நிறைய பேர் கேக்கறதே இல்ல, உழைக்கிறவங்க முகம்னா சும்மா எடுத்துக்கலாம்னு ஒரு நினைப்பு.

காப்பி அடிக்கலாம், எப்படி அடிக்கணும்னு இருக்கு

மத்தவங்க படத்துலேர்ந்து கரு வர்றது தப்பே இல்ல. வான்கோ அதே செயின்ட் ரெமி விடுதியில இருக்கும்போது மில்லேங்கிற பிரான்ஸ் ஓவியரோட படங்களை வரிசையா பார்த்துப் பார்த்து வரைஞ்சார், கையில இருந்தது கறுப்பு வெள்ளை பிரிண்ட், கலர் முழுக்க இவரோடது. உருவம் அவங்கது, கலர் நம்மது, நல்ல பயிற்சி இது, நீங்களும் பண்ணிப் பாருங்க, பிடிச்ச படத்தைக் கறுப்பு வெள்ளையா பிரிண்ட் எடுத்து ஒரிஜினலைப் பார்க்காம கலர் போடுங்க. உங்க கலர் என்னன்னு வெளியில வந்துடும்.

எதைப் பண்ணக் கூடாதுன்னு சொல்லிடறேன். எங்க கும்பகோணம் பக்கத்துக் கிராமத்துலேர்ந்து வந்தவர் ஓவியர் இளையராஜா, 2021-ல கொரோனாவுல போயிட்டார். அவர் வரைஞ்ச வீட்டுக்குள்ள இருக்கிற பொண்ணுங்க, கதவு வழியா ஜன்னல் வழியா வர்ற வெளிச்சம், பார்த்தா போட்டோன்னு சத்தியம் பண்ணுவாங்க. அவருக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னா எந்த எக்ஸிபிஷன் போனாலும் தாவணி, பித்தளைக் குடம், மரக்கதவு, தாவணி, பித்தளைக் குடம். குடத்தை எடுத்துக்கிட்டாங்க, அவர் நின்ன எடத்தை விட்டுட்டாங்க. அவர் வரைஞ்சது அவர்கூட வளர்ந்த பொண்ணுங்களை, அவர் வீட்டு வெளிச்சத்துல. உங்க வீட்ல பித்தளைக் குடமே இல்லைன்னா உங்க வீட்ல என்ன இருக்கோ அது மேல வெளிச்சம் எப்படி விழுதுன்னு பாருங்களேன், ஆர்ஓ மெஷினா இருந்தா ஆர்ஓ மெஷின்.

பழசைப் பார்க்கப் போனா வேற மாதிரி கத்துக்கலாம். சித்தன்னவாசல் குகைக் கோயில் மேல்கூரையில ஆயிரம் வருஷத்துக்கு மேல பழைய தாமரைக் குளம் ஓவியம் இருக்கு, புதுக்கோட்டைக்குப் பக்கத்துல, நிறைய அழிஞ்சு போச்சு, இருக்கிறதே போதும். பூப் பறிக்கிற ஆளு, மீன், எருமை, யானை, பறவை எல்லாம் ஒரே குளத்துக்குள்ள. நான் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து என்ன எடுத்துக்கிட்டேன்னா, தாமரையை இல்ல, அதுல கரைன்னு ஒண்ணைத் தேட வேண்டியதே இல்ல. குளம் இங்க ஆரம்பிக்குது இங்க முடியுதுன்னு காட்டாம எல்லாப் பக்கமும் இலையும் பூவுமா நெரப்பியிருக்காங்க, பார்க்கிறவன் குளத்துக்குள்ளயே இருக்கான். மார்க்கெட்டை வரையும்போது வானம், ரோடு, கட்டடம் எதுவும் வேணாம், பேப்பர் நாலு ஓரமும் தார்ப்பாய்தான்னு முடிவு பண்ணது அங்க. எதைப் பார்த்தாலும் "இவங்க என்ன வரைஞ்சிருக்காங்க"ன்னு கேக்காம "எதை வரையாம விட்டிருக்காங்க"ன்னு கேளுங்க, எடுத்துக்கிட்டாலும் யாரும் திருட்டுன்னு சொல்ல முடியாது.

உறுத்தலைப் படமா மாத்தறது

கரு கிடைச்சதும் பெரிய பேப்பரை எடுத்துடாதீங்க. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெருசா, ரெண்டு இஞ்சுக்கு மூணு இஞ்சு, ஒரு பக்கத்துல ஆறு கட்டம் போட்டு ஆறு விதமா வரைங்க, பென்சில்ல, வெள்ளை, சாம்பல், கறுப்பு மூணே டோன். முதல் மூணு எப்பவும் பார்த்துப் பழகின மாதிரிதான் வரும், நாலாவதுலேர்ந்துதான் நம்மது. எதைத் தேர்ந்தெடுக்கிறதுன்னா, நோட்டை ஆறடி தள்ளி வச்சுப் பார்த்தா எது என்னன்னு புரியாட்டியும் பிடிக்குதோ அது.

அப்புறம் நோட்டுல எழுதின ஒரு வரியை எடுத்து பேப்பர் மேல் ஓரத்துல பென்சில்ல எழுதிடுவேன், "நீலத்துல தக்காளி செத்துப்போகும்". வரையும்போது கை தானா மூட்டையில இருக்கிற ஒவ்வொரு நூலையும் வரையப் போகும், அப்ப மேல பார்ப்பேன், இந்த நூலுக்கும் அந்த வரிக்கும் சம்பந்தம் இருக்கா, இல்லைன்னா பிரஷ்ஷை வச்சுடுவேன்.

தார்ப்பாய்ப் படத்துக்கு நான் பண்ணது, 300 ஜிஎஸ்எம் (நல்ல கனமான) காட்டன் பேப்பர், முதல்ல தார்ப்பாய் ஓட்டை வழியா வெயில் நேரா விழற ரெண்டு மூணு எடத்தை மட்டும் வெள்ளையா விட்டுட்டு பாக்கி முழுக்க தாலோ புளூங்கிற நீலத்தை ரொம்பத் தண்ணியா ஒரு வாஷ். நல்லா காயணும், அரை மணி நேரமாவது, அவசரப்பட்டு ஹேர் டிரையர் வைக்காதீங்கன்னு சொல்லுவேன் ஆனா நானே வைப்பேன். தாலோ பேப்பர்ல கறையா பிடிச்சுக்கும், மேல எத்தனை தடவை ஈர பிரஷ் போனாலும் கரையாது, அதுக்காகத்தான் அது, அல்ட்ராமெரைன்ங்கிற இன்னொரு நீலம் போட்டா அடுத்த வாஷ்ல கிளம்பி வந்துடும். காஞ்சதுக்கு மேல சாதாரணமா எல்லாப் பொருளையும் அது அது கலர்ல வரையுங்க, அடியில இருக்கிற நீலம் தானாவே எல்லாத்தையும் மாத்திடும், வெங்காயத்தோட ரோஸ் ஊதாவாகும், தக்காளி கறுப்புக்குப் பக்கத்துல போகும், கை, முகம் எல்லாம் பர்ன்ட் சியன்னா (செம்பழுப்புக் கலர்) போட்டா அந்தச் சாம்பல் பச்சை வந்துடும். கலரை மண்டையை உடைச்சு கலக்கவே வேணாம். இதை நான் கண்டுபிடிச்சது நாலாவது படத்துலதான், முதல் மூணுல ஒவ்வொரு கலரையும் தனித்தனியா பேலட்ல நீலத்தோட கலந்து சேறாக்கி வச்சிருந்தேன்.

சில வாரம் எதுவுமே உறுத்தாது. அப்ப பேப்பர் வெட்டுங்க, கலர் சார்ட் போடுங்க, பிரஷ்ஷைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க. பேப்பர் முன்னாடி உக்காந்து ஏக்கமா பார்த்துக்கிட்டு மட்டும் இருக்காதீங்க.

யாராவது இன்ஸ்பிரேஷன் என்னன்னு கேட்டா

படத்துக்குப் பக்கத்துல மாட்டற சீட்டுல "வாழ்வின் ஆழங்களைத் தேடும் ஒரு பயணம்"னு எழுதாதீங்க, கெஞ்சிக் கேட்டுக்கறேன். நோட்டுல இருக்கிற வரியை அப்படியே எழுதுங்க, எங்க எப்ப பார்த்ததுன்னு சேர்த்து எழுதுங்க. அந்தக் காலேஜ் பொண்ணு திரும்ப வந்தா நான் இப்ப பச்சை ஃபைபர் ஷீட்டுன்னு சொல்லுவேன், அப்பாயி புடவைன்னு சொல்லுவேன், தக்காளிக்காரர் ஏன் நீலம் கட்ட மாட்டார்னு சொல்லுவேன், அதுக்கு நேரமில்லைன்னா தார்ப்பாய்னு மட்டும் சொல்லுவேன்.

சீரிஸ் முடிஞ்சதும் ஒரு படத்தை ஏ4 சைஸ்ல பிரிண்ட் போட்டு அந்த வெங்காயக்கார அக்காவுக்குக் கொண்டு போய்க் குடுத்தேன். படத்துல அவங்க நடுவுல உக்காந்திருக்காங்க, பக்கத்துல மூட்டை, ஸ்டூல், மேல நீலம். ரொம்ப நேரம் பார்த்தாங்க. முகத்தைப் பத்தி எதாவது சொல்லுவாங்கன்னு பார்த்தா, "தராசு எங்க?"ன்னாங்க. கம்போசிஷனுக்கு இடிக்குதுன்னு எடுத்துட்டேன்க்கான்னு சொல்ல வாய் வரல. "தராசு இல்லாம நான் என்னத்தை விக்கிறது, சும்மா உக்காந்திருக்கிற மாதிரில இருக்கு"ன்னு சொல்லிட்டு, பிரிண்ட்டை நாலா மடிச்சு (மடிச்சாங்க!) பணப்பைக்குள்ள வச்சுக்கிட்டாங்க.

வீட்டுக்கு வந்து நோட்டுல எழுதிட்டேன். "தராசு எங்க." பழைய கைத்தராசு இல்ல, எலக்ட்ரானிக், அதுல எண்ணு சிவப்பா எரியுது. நீலத்துக்கு அடியில அது மட்டும்தான் சிவப்பு, தக்காளி மாதிரி இல்ல, அது சொந்தமா எரியறதால சாகறதில்ல. நேத்து ஆறு கட்டம் போட்டு முடிச்சேன், அஞ்சாவது கொஞ்சம் பரவாயில்ல.